பாறையில் செதுக்கிய குறி புதையலைக் காட்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லாவரம், திருநீர்மலை, குன்றத்தூர், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்குகிறவர்கள் இப்போது அதிகம். கூடவே ஒரு வகைப் புகைப்படமும் அதிகமாகிவிட்டது. பாறையில் ஒரு சூலம், அல்லது ஒரு வட்டம், அல்லது வரிசையாகச் சில குழிகள், அதன் கீழே "சார், இது புதையல் குறியா?" என்று ஒரு வரி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பாறைக் குறி புதையலைக் காட்டுமா, காட்டாதா?

காட்டாது. தங்கத்தைப் புதைக்கிறவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: வேறு யாருக்கும் தெரியக்கூடாது. ஆடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர், வழிப்போக்கர் என்று எல்லோர் கண்ணிலும் படுகிற பாறையில் உளி ஓசை கேட்க உட்கார்ந்து அவன் அடையாளம் செதுக்குவானா? பாறையில் செதுக்குவதே எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

உண்மையில் கிடைத்த புதையல்களைப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோவில் வளாகத்தில் ஒரு செம்பில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன, எடை 1.716 கிலோ. அங்கே நடந்துகொண்டிருந்தது மண் வேலை. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோவிலில் குடமுழுக்குக்காக யாகசாலை அமைக்கப் பள்ளம் எடுத்தபோது 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும் 400-க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தன. 1987இல் விழுப்புரம் பக்கம் எசாலத்தில் ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடும் செப்புத் திருமேனிகளும் கிடைத்தது கோவில் திருப்பணியின்போது. மூன்று இடத்திலும் குறி பார்த்து யாரும் தோண்டவில்லை. படையெடுப்புக் காலங்களில் கோவில்காரர்கள் திருமேனிகளைக் கோவிலுக்குள்ளேயே புதைத்துவைத்தார்கள். இடம் நாலு பேருக்கு வாய்வழியாகத் தெரிந்திருக்கும். அந்த நாலு பேரும் போனதும் செய்தியும் போய்விட்டது.

அப்படியென்றால் வேறு எதற்காக மெனக்கெட்டுக் கல்லில் செதுக்கினார்கள்?

பெரும்பாலும் நிலத்துக்காக. தொல்லியல்காரர்களுக்கு இது பாலபாடம், மலையேறுகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

சிவன் கோவிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையில் சூலம் பொறித்த கல்லை நட்டார்கள். பெருமாள் கோவில் நிலம் என்றால் சக்கரம். அதற்குத் திருவாழிக்கல் என்று பெயர். சமணப் பள்ளிக்கு விட்ட நிலமானால் முக்குடை. பல்லவ, சோழச் செப்பேடுகளில் ஒரு நிலத்தைத் தானமாகக் கொடுக்கும்போது ஊரார் எல்லையைச் சுற்றி நடந்து, "கல்லும் கள்ளியும் நாட்டி" என்று வரும். கல் நகராது, கள்ளி சாகாது. எல்லைக்கு இரண்டும் வேண்டும். கள்ளி எங்கோ போய்விட்டது, கல் மட்டும் வயல் வரப்பிலோ, மனைப்பிரிவின் மூலையிலோ நிற்கிறது. சில இடங்களில் தனிக்கல் நடாமல், எல்லை போகும் வழியில் இருந்த பாறையிலேயே குறியைச் செதுக்கிவிட்டார்கள்.

ஆக, சூலக்குறி உங்களிடம் சொல்வது "இந்தப் பக்கம் கோவில் நிலம்" என்பதைத்தான். கீழே தோண்டினால் மண் வரும். ஆனால் நாலு மூலைக் குறிகளையும் கண்டுபிடித்து வரைபடத்தில் இணைத்தால், எழுநூறு எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நிலத்தின் அளவு கிடைக்கும். அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டால் அதுவும் கிடைக்காது.

சூரியனும் பிறையும் சேர்ந்து செதுக்கியிருக்கிறது. சூரியன் தங்கம், சந்திரன் வெள்ளி என்கிறார்கள். கீழே ஒரு சாப எழுத்தும் இருக்கிறது. காவல் போட்டிருக்கிறார்களோ?

இந்தத் தங்கம் வெள்ளி விளக்கம் யார் கிளப்பியது என்று தெரியவில்லை, ஆனால் நன்றாகப் பரவியிருக்கிறது. கல்வெட்டுகளில் "சந்திராதித்தவரை" என்று வரும். நிலவும் சூரியனும் உள்ளவரை இந்தத் தானம் நடக்கட்டும் என்பது பொருள். எழுத்துத் தெரியாதவருக்கும் அது புரியட்டும் என்று மேலே இரண்டையும் வரைந்துவிடுவார்கள். கூடவே ஒரு பன்றியும் வாளும் இருந்தால் அது விஜயநகர அரசின் முத்திரை.

சாபமும் அதே தானத்தைக் காக்கத்தான். "இந்தத் தன்மத்துக்கு அகிதம் பண்ணினவன் கெங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான்" என்ற மாதிரி வரும். அகிதம் என்றால் கெடுதல். விளக்கெரிக்க விட்ட ஆடு, அன்னதானத்துக்கு விட்ட நிலம், இவற்றைப் பின்னால் வருகிறவன் அபகரிக்கக் கூடாது என்ற பயம்தான் அதில் இருக்கிறது. இத்தனைக்கும் என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், யார் சாட்சி என்று மேலேயே எழுதிவைத்திருப்பார்கள். ஒளிவு மறைவே இல்லாத ஆவணம் அது.

பாறையில் வரிசையாகக் குழிகள் உள்ளன. எண்ணி, அத்தனை அடி தள்ளித் தோண்ட வேண்டும் என்கிறாரே ஒருவர்?

தோண்டச் சொல்கிறவரை முதலில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். குழிகளில் குறைந்தது ஐந்தாறு வகை உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒரே அளவில், ஒரே இடைவெளியில், நேர்கோட்டில் சிறு செவ்வகக் குழிகள் இருந்தால் அது கல் பிளந்த தடம். குழி அடித்து, அதில் ஆப்பு இறக்கி, கோட்டோடு பாறையைப் பிளப்பார்கள். மாமல்லபுரத்தில் ஒரு சுற்று சுற்றினால் பிளந்தது, பிளக்கப் பார்த்து விட்டது, குழி மட்டும் அடித்து நிறுத்தியது என்று எல்லா நிலையும் பார்க்கலாம். அங்கே முடிக்காமல் விட்ட குடைவரைகளின் சுவரில் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து, கட்டத்தைத் தனித்தனியாக உடைத்து எடுத்த தடமும் தெரியும். அதையும் "ரகசிய அறையின் கதவு" என்று படம் போட்டு அனுப்பினார் ஒருவர்.

பாறை முகத்தில் மேலிருந்து கீழாக, பாதிக் குழாயைப் பதித்து எடுத்தது போல நீள வடு இருந்தால் அது நேற்றைய சமாச்சாரம். இயந்திரத்தில் துளை போட்டு வெடி வைத்தது. பல்லாவரம், திரிசூலம் பக்கம் சென்னைக்கு ஜல்லி கொடுத்த மலைகளில் இது ஏராளம்.

வழுவழுப்பான ஆழமான குழி, பக்கத்தில் ஊரோ சுனையோ இருந்தால், அது தானியம் குத்திய உரல்குழியாக இருக்கலாம். குழியை விட்டு, நீளமாக வழவழவென்று தேய்ந்த பள்ளம் என்றால் புதிய கற்காலத்தவர் கல்கோடரியைத் தீட்டிய இடமாக இருக்கலாம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அது தங்கத்தைவிட அபூர்வம் என்று நினைப்பேன். கோவில் பக்கத்துப் பாறையில் நாலு மூலைக்கு நாலு குழி என்றால் திருவிழாப் பந்தலுக்குக் கால் நட்டது. ஏழு ஏழாக இரண்டு வரிசை என்றால் பல்லாங்குழி.

இவை எதிலும் சேராத, கிண்ணம் போன்ற சிறு குழிகள் கூட்டமாக, ஒழுங்கில்லாமல் இருப்பதும் உண்டு. உலகம் முழுக்க வரலாற்றுக்கு முந்தைய மக்கள் இப்படிக் குழித்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவில் இருப்பவை மிகப் பழையவை. ஏன் குழித்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இவற்றில் பல, தங்கமே புழக்கத்தில் இல்லாத காலத்து வேலை.

முக்கோணத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், சந்திக்கும் இடங்களில் புள்ளிகள். வரைபடம் மாதிரியே இருக்கிறது!

ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. காவல்காரர்களும், கல் தச்சர்களும், கோவிலில் காத்திருந்தவர்களும் பொழுதுபோகக் கீறியது. கோவில் மண்டபத் தரையில், படிக்கட்டில், மலைமேல் நிழல் விழும் பாறையில் எல்லாம் கிடைக்கும். பெருக்கல் குறி போட்ட கட்டங்கள் இருந்தால் தாயம். உட்கார்ந்து ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வரலாம்.

மலை உச்சியில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. இன்னொரு இடத்தில் அம்புக்குறி. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இதற்குச் சென்னைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைப் பணி 1802 ஏப்ரல் 10 அன்று நம் பரங்கிமலையில்தான் தொடங்கியது. வில்லியம் லாம்ப்டன் அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலி வைத்து, முக்கோணக் கணக்குக்கு ஆதாரமான முதல் நேர்கோட்டை அளந்தார். இன்று அந்தக் கோட்டை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அங்கே தொடங்கிய முக்கோணங்கள் வடக்கே இமயமலை வரை போயின.

உச்சிப் பாறையில் வட்டமும் நடுவில் புள்ளியும் அந்த நில அளவை நிலையங்களின் அடையாளம். அளவைக் கருவியின் நடுவிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு அந்தப் புள்ளியின் நேர்மேலே நிற்க வேண்டும். அம்புக்குறியும் பக்கத்தில் 'பி.எம்.' (பெஞ்ச் மார்க்) என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால், கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரத்தைக் குறித்தது. அம்பு காட்டும் திசையில் அறுபது அடி நடந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் முள்செடி.

இணையத்தில் ஆமை என்றால் இது, இதயம் என்றால் இது, பாதம் என்றால் இது என்று பட்டியலே இருக்கிறதே?

அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், துருக்கி, அமெரிக்காவின் தென்மேற்கு ஆகிய இடங்களிலிருந்து வருகின்றன. பிலிப்பைன்ஸில் இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியத் தளபதி யமஷிதாவின் படை தங்கத்தைப் புதைத்தது என்ற நம்பிக்கை; துருக்கியில் ஊரைவிட்டுப் போன கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும் புதைத்ததாக நம்பிக்கை; அமெரிக்காவில் ஸ்பானியர் கதை. அந்தந்த ஊரிலேயே தேறாத பட்டியலைத் தமிழில் குரல் கொடுத்து, நடுகல் படத்தை ஒட்டி, காணொளியாக்கி விடுகிறார்கள். யமஷிதாவுக்கும் நடுகற்களுக்குப் பேர்போன நம் செங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊரில் பாதம் செதுக்கியிருந்தால் பெருமாள் பாதமாக இருக்கலாம், சமண முனிவரின் நினைவாக இருக்கலாம். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடம் என்று அதில் எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் கடப்பாரையோடு போய் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாம்பு என்றால் அரசமரத்தடி நாகர் கல், பிள்ளை வேண்டி வைத்தது. மீன் பாண்டியர் சின்னமாகலாம், சும்மா மீனாகவும் இருக்கலாம். நடுகல்லில் வீரனின் காலடியில் கெண்டி போன்ற பாத்திரம் இருக்கும். அதைத் தங்கக் குடம் என்று நினைத்து அடியில் தோண்டி, கல்லையே சாய்த்த ஊர்கள் உண்டு.

வட்டமாகப் பாறாங்கற்கள் அடுக்கிய இடத்தில் தங்கம் உண்டு என்கிறார்கள். இதுவும் கதையா?

இது முழுக் கதை இல்லை, அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்வட்டம், கல்திட்டை, தாழி எல்லாம் இரும்புக்கால மக்களின் ஈமச்சின்னங்கள். குன்றத்தூர், சிறுதாவூர், சானூர் என்று சென்னைக்குத் தெற்கிலும் மேற்கிலும் நிறைய உண்டு. பல்லாவரத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, கால் வைத்த சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். இந்தப் புதைகுழிகளில் வழக்கமாக இருப்பது கருப்பு சிவப்புப் பானைகள், எலும்பு, இரும்புக் கத்தி, ஈட்டி, மணிகள்.

தங்கமே இல்லையா என்றால், ஆதிச்சநல்லூரில் இதே ரீ மெல்லிய தங்க நெற்றிப்பட்டங்களை எடுத்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அவை உள்ளன. காகிதம் போலத் தட்டிய தகடுகள், கடையில் எடைக்குப் போட்டால் பெரிய தொகை வராது. அவற்றின் மதிப்பு எந்தத் தாழியில், எந்த எலும்புக்குப் பக்கத்தில், என்ன பொருளோடு கிடந்தன என்பதில் இருக்கிறது. அந்தத் தகவல் ஒரே முறைதான் கிடைக்கும். இரவில் வந்து மண்வெட்டியால் கலைத்தவன் நூறு பானையை உடைத்துவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் போகிறான். அந்தக் கல்வட்டத்திலிருந்து அப்புறம் ஆய்வாளராலும் எதையும் படிக்க முடியாது.

எழுத்து மாதிரி இருக்கிறது, ஆனால் தமிழ் இல்லை. சங்கேத மொழியா?

உங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து, அவ்வளவுதான். தமிழ் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம், தெலுங்கு, டச்சுக்காரர் கல்லறை எழுத்து என்று இந்த வட்டாரத்தில் எல்லாம் உண்டு. பல்லாவரம் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பல்லவ கிரந்தத்தில் வரிசையாக இருக்கின்றன. பல நூற்றாண்டு கழித்து அந்தக் குடைவரை தர்காவாகி, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அந்தப் பெயர்களையும் புதையல் மந்திரம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். மகேந்திரன் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டதை எழுதிவைத்தான். ராஜாக்களுக்கு அது சகஜம்.

மனிதன் செதுக்கியதா, இயற்கையா என்று எப்படிப் பிரிப்பது?

பாறையைத் தெரிந்துகொள்ளுங்கள். பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் இருப்பது சார்னோகைட். அந்தப் பாறைக்குப் பெயர் வைக்கக் காரணமே கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைமேல் கிடக்கும் இந்த ஊர்க் கல்தான். வெயிலிலும் மழையிலும் அது வெங்காயம் போல அடுக்கடுக்காக உரியும். உரிந்த விளிம்பு வளைந்த கோடாகத் தெரியும். வெள்ளைப் படிகக்கல் இழை பாறைக்குள் ஓடி, அம்பு மாதிரியும் சிலுவை மாதிரியும் தோன்றும். பூண்டிக்கு அந்தப் பக்கம் குடியம் குகைகளில் வேறு விஷயம். அங்கே பாறை என்பது கூழாங்கற்கள் ஒட்டிப்போன திரள். ஒரு கூழாங்கல் உதிர்ந்தால் அச்சுப் பிசகாமல் வட்டமான குழி நிற்கும்.

மனிதன் செதுக்கினால் உளி கொத்திய சிறு தடங்கள் இருக்கும், கோட்டின் அகலம் ஓரளவு சீராக இருக்கும், பாறையின் இயற்கை வெடிப்புகளைப் பற்றிக் கவலைப்படாமல் கோடு குறுக்கே போகும். கோட்டின் உள்ளே நிறம் வெளுத்துப் புதிதாக இருந்தால் அது சமீபத்தில் யாரோ கீறியது. இதய வடிவமும் இரண்டு பெயர்களும் அந்த வகை.

மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா?

கையில் தூக்குகிற சாதாரணக் கருவி ஒரு காசை ஒரு சாண், இரண்டு சாண் ஆழத்துக்குள் காட்டும். செம்மண்ணிலும் இரும்புச் சத்துள்ள கல்லிலும் சும்மா கத்தும். மிச்ச நேரம் சோடா மூடிதான் கிடைக்கும். வேண்டாம்.

என் சொந்த நிலத்தில் தற்செயலாகக் கிடைத்தால் எனக்குத்தானே?

இதற்கு 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இருக்கிறது. மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்து 10 ரூபாய் அப்படியே நிற்கிறது. என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்று எழுதி, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது பிணை கொடுக்க வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருகிறவர்களை விசாரிப்பார். உரிமையாளர் இல்லாத பொருள் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்து வாங்கலாம். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

இது தற்செயலாகக் கிடைத்ததற்கு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் தோண்டிச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் கட்டடம் கட்டத் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. பழைய பல்லாவரத்தில் மனை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள். காப்புக்காடு என்றால் வனத்துறைச் சட்டம் தனி.

மை போட்டுப் பார்த்து இடம் சொல்கிறார். பூஜைக்குப் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். முதலில் பூஜைச் செலவு, அப்புறம் காவல் பூதத்துக்குப் பரிகாரம், அப்புறம் பங்காளி ஒருவர் தோன்றுவார். இன்னொரு வகை, நிஜத் தங்கக் காசு ஒன்றை மாதிரிக்குக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லி, மிச்சத்தைப் பித்தளையாகத் தருவது. அரிசியை இழுக்கும் அதிசயக் கலசம் (ரைஸ் புல்லிங்), இரிடியம் என்று வருவதும் அதே கூட்டம். காவல் நிலையத்துக்குப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, ஒரு நல்ல செதுக்கலைப் பார்த்துவிட்டேன். என்ன செய்ய வேண்டும்?

காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது படம் எடுங்கள். உச்சி வெயிலில் எந்தக் கோடும் தெரியாது. நிழலான இடமானால் டார்ச்சைப் பக்கவாட்டில் பாறையோடு ஒட்டிப் பிடித்தால் கண்ணுக்குப் படாத கீறல்கூட எழுந்து நிற்கும். பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வையுங்கள். நெருக்கத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று, சுற்றுப்புறம் தெரிய ஒன்று. இருப்பிடத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாறைக்கு ஊரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள். "பஞ்சபாண்டவர் பாறை" மாதிரி ஒரு பெயர் இருந்தால் அதுவே துப்பு. மைப்படி எடுப்பது, அதாவது செதுக்கலை மை வைத்துத் தாளில் பதித்தெடுப்பது, பயிற்சி உள்ளவர்கள் வேலை, அதில் இறங்க வேண்டாம்.

பிறகு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறையிலும் காட்டலாம். பதில் தாமதமானால் விட்டுவிடாமல் மறுபடி எழுதுங்கள்.

கண்டுபிடித்ததைப் பொதுவெளியில் போடலாமா?

படத்தைப் போடுங்கள், மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். துல்லியமான இருப்பிடத்தைத் துறைக்கு மட்டும் அனுப்புங்கள். கடப்பாரைக்காரர்களும் அதே படங்களைத்தான் பார்க்கிறார்கள்.

கோடு தெரிவதற்காகச் சாக்பீஸ் தடவிப் படம் எடுத்துவிட்டேன். கழுவலாமா?

இனிமேல் தடவாதீர்கள். தடவியதை அப்படியே விடுங்கள், அடுத்த மழையில் போய்விடும். கம்பி பிரஷ், சோப்பு, ஆசிட் எதுவும் வேண்டாம். பழைய செதுக்கல்களின் மேல்தோல் அதில் உரிந்து வந்துவிடும். தொல்லியல் துறைக்குப் படம் அனுப்பும்போது சாக்பீஸ் தடவியதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். நீங்கள் தடவிய கோட்டைப் பழைய கோடு என்று அவர்கள் படித்துவிடக் கூடாது.